ஆறடி பட்டாணி: அலாட்மென்ட்ல ஆல்டர்மேன் போட்டுப் பாத்தது

இந்த வருஷம் லண்டன் அலாட்மென்ட்ல, அதாவது காய்கறி போட வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுல, குட்டை ரகத்த விட்டுட்டு ஆல்டர்மேன் பட்டாணி போட்டேன். விக்டோரியா ராணி காலத்து ரகம், அஞ்சடி ஆறடி அசால்ட்டா ஏறும். குட்டை ரகம் ஒரே மூச்சுல காய்ச்சு ஓஞ்சுடும், மெஷின் விட்டு அறுக்கற ஃப்ரோஸன் கம்பெனிக்காரங்களுக்கு அது வசதி, நமக்கு அன்னன்னிக்கு ஒரு கிண்ணம் வேணும்னா இந்த கொடிதான் சரி, மேல போகப்போக பூத்துக்கிட்டே இருக்கு.

இங்க களிமண், மார்ச்ல சில்லுன்னு ஈரமா கெடக்கும், நேரா ஊனுனா பாதி அழுகிடும் மீதிய எலி தின்னுடும். அதனால கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓட மாட்டற பிளாஸ்டிக் கட்டர் (gutter) ஒரு துண்டு எடுத்து கம்போஸ்ட் நிரப்பி அதுல விதைச்சு ஷெட் ஜன்னல்கிட்ட வெச்சேன். நாத்து விரல் நீளம் வந்ததும் ஏப்ரல்ல பாத்தியில அதே அகலத்துக்கு பள்ளம் கீறி அப்படியே சரிச்சு விட்டாச்சு, வேர் கலையவே இல்ல. பட்டாணி வேருக்கு நோண்டுறது பிடிக்காது, அதுக்குத்தான் இவ்ளோ மெனக்கெடல்.

இப்போ முக்கியமான விஷயம், பந்தல். நம்ம ஊர்ல அவரைக்கு ஒரு கம்பு நட்டா போதும், தண்டே சுத்திக்கிட்டு ஏறிடும். பட்டாணி தண்டு சுத்தாது, இலை நுனியில வர்ற பற்றுக்கம்பிதான் பிடிக்கும், அதுவும் நூல் நூலா இருக்கறதால மூங்கில் கம்பு கட்டை விரல் தடிமன் இருந்தா வழுக்கிக்கிட்டு நிக்கும். நான் ரெண்டு பக்கமும் கம்பம் நட்டு நடுவுல வலை கட்டுனேன். அடியில மட்டும் ஹேசல்ங்கற மரத்தோட கிளைச் சுள்ளி குத்தி வெச்சேன், வலை எட்டற வரைக்கும் குட்டி கொடி அதப் பிடிச்சுக்கும். காய் பிடிச்சப்புறம் காத்துல மொத்தமும் கப்பல் பாய் கணக்கா இழுக்குது, கம்பத்த ரெண்டடி ஆழம் இறக்கினது நல்லதாப் போச்சு.

உரம்னு தனியா ஒண்ணும் போடல. தழைச்சத்து அதிகமானா இலையாத்தான் வளரும், அது தனக்கு வேண்டியத வேர் முண்டுல இருக்கற பாக்டீரியாகிட்ட வாங்கிக்கும். பூக்கறப்போ தண்ணி மட்டும் குறையக்கூடாது. புறாவுக்கு பயந்து ஆரம்பத்துல வலை போர்த்தியிருந்தேன், வளந்தப்புறம் எடுத்துட்டேன். நுனிய அப்பப்போ கிள்ளி கீரை மாதிரி பூண்டு போட்டு வதக்குனோம், சத்தியமா காய விட அதுக்குத்தான் வீட்ல போட்டி.

ஜூன் கடைசியில காய் ஆரம்பிச்சுது. பறிச்ச நிமிஷத்துலேருந்து சர்க்கரை மாவா மாற ஆரம்பிச்சுடும், அதனால குருமாவுக்குன்னு எடுத்துட்டு வந்ததுல பாதி வழியிலேயே காலி. சில காய் உள்ள பட்டாணி அந்துப்பூச்சியோட புழு இருந்துச்சு, பூக்கற சமயத்துல கொடியில முட்டை வைக்கும், ஆறடிக்கு சன்ன வலை போர்த்தறதெல்லாம் நடக்கற காரியமா, உரிக்கறப்போ பாத்து ஒதுக்குனா முடிஞ்சுது. ஜூலை வெயில்ல அடி இலையில வெள்ளைப் பொடி நோய் எட்டிப் பாக்குது, இனிமே பெருசா கவலப்பட ஒண்ணுமில்ல.

மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் உயரப் பட்டாணியையும் குட்டையையும் கலந்து பாத்தாரே, ரெண்டாம் தலைமுறையில 787 உயரம் 277 குட்டை, கிட்டத்தட்ட மூணுக்கு ஒண்ணுன்னு ஒவ்வொண்ணா எண்ணி 1866ல எழுதி வெச்சாரே, பட்டாணி தனக்குத்தானே மகரந்தம் சேத்துக்கறதாலதான் அவ்ளோ சுத்தமா கணக்கு வந்துது. நமக்கு அதுல லாபம் என்னன்னா விதை எடுத்தா அதே ரகம்தான் முளைக்கும். ஓரத்துல ரெண்டு கொடிய பறிக்காம விட்டிருக்கேன், காய் பழுப்பாகி ஆட்டுனா கலகலங்கணும், அதுக்குள்ள மழை பிடிச்சுட்டா கொடிய அடியோட வெட்டி ஷெட்ல தொங்க விட்டுடுவேன். வேர் மண்ணுலயே இருக்கட்டும், அந்த இடத்துல அடுத்து லீக் (வெங்காய இனத்துக் காய்) நாத்து போகுது.