கூடாது என்பதை வேண்டாம் என்றேன்

"தெளிவாகச் சொன்னீங்களா?" என்று ஹெச்.ஆர். அக்கா கேட்டார். "சொன்னேன்" என்றேன்.

நடந்தது அவ்வளவுதான். 2021 ஜூன், ஹெச்.ஆர். அறை, இருவர் முகத்திலும் மாஸ்க். இந்த ஒரு கேள்வியும் ஒரு பதிலும் மனதில் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று கணக்கில்லை. கேள்வியில் இருந்த 'தெளிவாக' என்பதை அவரிடமே விட்டுவிட்டு, 'சொன்னேன்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் பொய்யாகிவிடாமல் பேச அந்த நொடியில் அத்தனை கவனம் எனக்கு இருந்தது என்றால், உண்மை என்ன என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது.

மியாவ்லி மாவட்டத்தில் அந்த ஜூனில் நடந்தது, அப்போது தைவானில் இருந்த யாருக்கும் மறந்திருக்காது. ஜூனான் பகுதி எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில், விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களிடையே கொரோனா பரவியது. 7ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகலாம், விடுதிக்குத் திரும்பலாம், மற்றபடி வெளியே போகத் தடை. நாடு முழுக்க அப்போது மூன்றாம் நிலை எச்சரிக்கை இருந்தது, ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்தார்கள். என்னைப் போன்ற வெளிநாட்டு இன்ஜினியர்களும் போய்வந்தோம். எங்கள் லைனில் ஒரே மெஷினை ஷிஃப்ட் மாற்றி ஓட்டிய இருவரில் உள்ளூர் ஆள் வேலை முடிந்து சாப்பாடு பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார், பிலிப்பைன்ஸ்காரர் விடுதிக்குள் அடைந்திருக்க வேண்டும்.

தொற்று வந்தவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் தனிமைப்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது தைப்பேயின் ஹெபிங் மருத்துவமனையை ஆட்களோடு பூட்டினார்கள். அதையொட்டி வந்த ஒரு வழக்கு வருடக்கணக்கில் நடந்து, தனிமைப்படுத்தல் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2011இல் அரசியல் சட்ட நீதிபதிகள் விளக்கம் கொடுத்தார்கள். அங்கே பார்த்தது தொற்று யாருக்கு வந்திருக்கக்கூடும் என்பதை. மியாவ்லி உத்தரவு பார்த்தது விசாவின் வகையை. மனித உரிமை அமைப்புகள் கேள்வி கேட்டபோது, ஆட்கள் தொற்றில் சாகும் நேரத்தில் என்ன மனித உரிமை என்ற பொருளில் மாவட்டத் தலைவர் பதில் சொன்னார்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏஜென்சியின் மொழிபெயர்ப்பாளர் வர முடியவில்லை. இந்தோனேசிய, வியட்நாம் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில் போனில் செய்தி போய்விட்டது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியும், எனக்குச் சீனம் ஓரளவு தெரியும், நீங்களே வாசித்துவிடுங்கள் என்றார்கள். விடுதிச் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு இரண்டு பிரிவாக உட்கார வைத்திருந்தார்கள். தாளில் நான்கே எழுத்துகள் பெரிதாக இருந்தன: ஜின்ஜி வாய்ச்சூ. வெளியே செல்லத் தடை. அதில் மரியாதைச் சொல்லோ வேண்டுகோளோ எதுவும் இல்லை.

நான் வாசித்தது, தயவுசெய்து வெளியே போவதைத் தவிர்க்கவும் என்று. ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் என் மண்டைக்குள் நடந்தது தமிழில். 'கூடாது' என்று வர வேண்டிய இடத்தில் 'வேண்டாம்' என்று வந்தது. நம் வீடுகளில் பெரியவர்களிடம் கூடாது என்று சொல்ல மாட்டோம். வெயிலில் போக வேண்டாம்பா என்போம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு வருடம் என்னோடு நைட் ஷிஃப்ட் பார்த்தவர். ஒரு மெஷின் கோளாறாகப் போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவர். அவரைப் பார்த்து, உனக்குத் தடை, எனக்கு இல்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை. அதைக் கருணை என்று அப்போது நினைத்தேன். இன்று யோசித்தால் கூச்சம் என்றுதான் படுகிறது. அவர்களுக்கு வலிக்கக் கூடாது என்று மென்மையாக்கினேனா, சொல்கிறவன் நான் என்பது எனக்கு வலிக்கக் கூடாது என்று மென்மையாக்கினேனா?

வாசித்து முடித்ததும் அவர்தான் கேட்டார். "சார், உங்களுக்கும் இதுதானா?"

"எனக்கு வேற விசா."

"ஓகே சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. எல்லோரும் வரிசையாக வந்து, படித்துப் புரிந்துகொண்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில், மொழிபெயர்த்தவர் என்ற கட்டத்தில் நான் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அவர் விடுதிக்கு எதிரே இருந்த செவன் லெவன் கடைக்குப் போனார். ஊரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச போனுக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும். தெருவைத் தாண்டி முப்பது அடி தூரம். யாரோ படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். காபி மெஷினுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் முந்தின நாள் நான் நின்று காபி பிடித்திருந்தேன். படத்தை அக்கா என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு தாள்தானே என்று எனக்கே முதலில் தோன்றியது. ஆனால் அந்த விசாவில் இருப்பவருக்கு அது தாள் இல்லை. நினைத்தபோது வேறு முதலாளியிடம் மாற முடியாது. ஏஜென்ட்டுக்கு மாதாமாதம் முதல் வருடம் 1,800 தைவான் டாலர், அடுத்த வருடம் 1,700, மூன்றாம் வருடம் 1,500 கட்ட வேண்டும். இதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் தொகைதான். இங்கே வருவதற்கு ஊரில் வாங்கிய கடன் தனி. அன்றைய விதிப்படி தொழிற்சாலை வேலையில் மொத்தம் பன்னிரண்டு வருடம்தான் இருக்கலாம். நான் ஐந்து வருடம் வேலை பார்த்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அன்று அவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் ஃபைலில் ஓர் எச்சரிக்கை இருப்பது என்ன செய்யும் என்று விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

எனக்கும் பயம் இருந்தது என்று சொல்லிக்கொள்வேன். அந்த மாதம் என் ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது, மனைவிக்கு ஆறாம் மாதம். "இல்லை அக்கா, நான் மாற்றி வாசித்துவிட்டேன், தப்பு என்னுடையது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. திட்டு விழுந்திருக்கும். வேலையே போயிருந்தாலும் வேறு கம்பெனியில் கேட்டிருக்கலாம். அவரிடம் இல்லாத வழி என்னிடம் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உள்ளபடி வாசித்திருந்தால் அவர் வெளியே போயிருக்க மாட்டார், கடிதமும் வந்திருக்காது. ஆனால் அப்போது அந்த உத்தரவு என் வாயால் ஓட்டையில்லாமல் நிறைவேறியிருக்கும். அது இதைவிட மேலா? வாசிக்க மாட்டேன் என்று தாளைத் திருப்பிக் கொடுத்திருந்தால்? வேறு யாராவது வாசித்திருப்பார்கள், நான் சுத்தமாக வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த மூன்றில் எது சரி என்று இன்று கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஹெச்.ஆர். அறையில் எது சரி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அங்கே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது, நான் அதைச் சொல்லவில்லை.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவரை யாரோ கெடுபிடி அதிகாரி என்று நினைத்துவிடுவீர்கள். கம்பெனியில் எல்லோரும் அவரை 'ஜியே' என்று கூப்பிடுவோம், நம்மூர் அக்கா போலத்தான். தைவான் ஜனநாயகம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர் அவர். 2020 ஜனவரி 11, அதிபர் தேர்தல். இங்கே தபால் ஓட்டு கிடையாது, பெயர் பதிவான ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, நான்கு மணிக்கு என்னை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஓட்டுப் போட்ட அதே வகுப்பறையில், வாக்குப்பதிவு முடிந்த கையோடு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது, யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஒருவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்து, யாருக்கு விழுந்தது என்று உரக்கச் சொல்கிறார். இன்னொருவர் அதையே திரும்பச் சொல்லிக்கொண்டு, சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடு சேர்ந்தால் 'ஜெங்' என்ற எழுத்து வரும். 'நேர்', 'சரி' என்று அதற்குப் பொருள். ஒரு வெளிநாட்டுக்காரன் வாசலில் நின்று பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. 38 வருடம் ராணுவச் சட்டத்தில் இருந்த நாடு, 1987இல்தான் அதிலிருந்து வெளியே வந்தது, அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது 1996இல் என்று அங்கே நின்றுதான் அக்கா சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் தெரியும். ஐ.நா.வில் தைவானுக்கு இடம் இல்லை. இருந்தும் ஐ.நா.வின் இரண்டு பெரிய மனித உரிமை உடன்படிக்கைகளையும் 2009இல் தன் நாட்டுச் சட்டமாக்கிக்கொண்டது. ஒரு நாட்டில் சட்டப்படி இருக்கும் எவருக்கும் அங்கே நடமாடும் உரிமை உண்டு என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டத்தின் வழியே கட்டுப்படுத்தலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் அந்த ஜூனுக்கு அப்புறம்தான் இதைத் தேடிப் படித்தேன்.

உத்தரவைக் கொடுத்தவரும் அக்காதான், விடுதியில் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போய் பால் பவுடரும் சோப்பும் ரீசார்ஜும் வாங்கிக் கொடுத்தவரும் அக்காதான். "இது எனக்கும் பிடிக்கவில்லை" என்று ஒருமுறை மெதுவாகச் சொன்னார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஜூன் கடைசியில் தடை நீங்கியது. கடிதம் மட்டும் நீங்கவில்லை. அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்காததற்கு அந்தக் கடிதம் காரணமா, ஆர்டர் குறைந்தது காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயம்தான்.

இதைத் திரும்பக் கிளறிவிட்டது எங்கள் ஆட்களின் விஷயம். இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற செய்தி 2023 கடைசியில் வந்ததும் இணையத்தில் எழுதப்பட்டதைப் படித்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. டிசம்பரில் தைப்பேயில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள சாலையில் எதிர்ப்புக் கூட்டமே நடந்தது. 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதையடுத்துத் தொழிலாளர் அமைச்சர், வடகிழக்கு இந்தியர்களின் தோல் நிறமும் சாப்பாடும் நமக்கு நெருக்கமானவை, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் என்று பேசிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். அக்கா எனக்குச் செய்தி அனுப்பினார். தைவான் சார்பில் தானும் மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருந்தார். நான் நீளமாக, கோபமாகப் பதில் எழுதினேன். மனிதர்களை வகை பிரிப்பது, நிறம் பார்ப்பது, ஒரே வேலைக்கு இரண்டு சட்டம் என்றெல்லாம். அனுப்பப் போகிற நேரத்தில், இதில் ஒரு வரியைக்கூட 2021இல் அந்தச் சாப்பாட்டு அறையில் நான் சொல்லவில்லையே என்று உறைத்தது. என் நிறத்துக்கு வந்தபோது எனக்கு வார்த்தை தடையில்லாமல் வந்திருக்கிறது.

அதை அழித்துவிட்டு, அக்காவுக்கு வேறொன்று எழுதினேன். அன்று நான் தெளிவாகச் சொல்லவில்லை என்று. நாள் முழுக்க பதில் இல்லை. இரவு, "உங்கள் வாசிப்பை நானும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று மட்டும் வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவருக்கு என்னளவு ஆங்கிலம் தெரியும். அப்படியென்றால் ஏன் கேட்டார்? நான் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாரா, அல்லது இருவருமே தப்பித்துக்கொள்ள அந்த 'சொன்னேன்' அவருக்கும் தேவைப்பட்டதா? கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிலிப்பைன்ஸுக்கு மெசெஞ்சரில் எழுதினேன். தாளில் இருந்தது தடை, நான் வாசித்தது வேறு, உங்களுக்கு வந்த கடிதத்துக்கு நான்தான் காரணம் என்று சுற்றி வளைக்காமல் எழுதினேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "அது தடைன்னு எங்களுக்குத் தெரியும் சார். வியட்நாம் பசங்களுக்கு வந்த மெசேஜைக் காட்டினாங்க. அன்னிக்குப் பொண்ணுக்குப் பிறந்தநாள். தெரிஞ்சுதான் போனேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

கீழே மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம் ஒன்று அனுப்பியிருந்தார்.

உண்மையிலேயே தெரிந்துதான் போனாரா, இல்லை என் முகத்தைப் பார்க்காமலேயே எனக்காக ஒரு சொல்லை மாற்றிப் போட்டாரா என்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டால் தெரிந்துவிடும். ஜூன் என்றால் ஜூன். பொண்ணு நல்லா வளர்ந்துட்டாளே என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.