கொழும்பிலிருந்து பிரித்தானிய வேலை விசா: காசு கட்டுவதற்கு முன்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாராவது "கெயார் விசா இருக்கு, இத்தனை லட்சம் கட்டினால் போதும்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதைப் பிரித்தானியா 2025 ஜூலை 22ஆம் திகதி நிறுத்திவிட்டது. அதே நாளில் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கான (திறன்சார் வேலை விசா) வேலைத் தரமும் பட்டப்படிப்பு மட்டத்துக்கு உயர்ந்தது. அதற்குக் கீழுள்ள வேலைகளில் தனிப் பட்டியலில் இருக்கும் சில மட்டுமே மிச்சம்.

சம்பளத்தைப் பாருங்கள். பொதுவான அடிமட்டம் ஆண்டுக்கு 41,700 பவுண். அந்த வேலை வகையின் குறியீட்டுக்கென்று பிரித்தானிய அரசு வைத்துள்ள தொகை இதைவிடக் கூடுதலென்றால் அதுதான் கணக்கு. 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு 33,400 வரை இறங்கலாம். அரச ஊதிய அளவுத்திட்டத்தில் வரும் தாதியர் போன்றோருக்கு வேறு கணக்கு. ஓவர்டைம், வீட்டு அலவன்ஸ், போனஸ் எதுவும் சேராது. வேலைக் கடிதத்தில் "மொத்தம் 43,000" என்று இருந்தால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சி.ஓ.எஸ், அதாவது முதலாளி உங்களுக்குக் கொடுக்கும் ஸ்பொன்சர்ஷிப் சான்று. அது சான்றிதழ்க் காகிதம் அல்ல, பிரித்தானிய உள்துறையின் கணினியில் இருக்கும் பதிவின் இலக்கம். அழகான பி.டி.எஃப் கையில் கிடைத்ததால் எதுவும் உறுதியாகிவிடாது. இலங்கையிலிருந்து போகிறவருக்கு முதலாளி 'டிஃபைண்ட்' வகையைத்தான் உள்துறையிடம் கேட்டுப் பெறவேண்டும். 'அன்டிஃபைண்ட்' வகை பெரும்பாலும் ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் இருப்பவர்களுக்கானது. அதைக் காட்டிக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். முதலாளியின் பெயர் பிரித்தானிய அரசாங்க இணையதளத்தில் உள்ள ஸ்பொன்சர் பட்டியலில் (வெளிநாட்டவரை எடுக்க அனுமதி பெற்ற முதலாளிகள்), ஸ்கில்ட் வேர்க்கர் என்ற பிரிவிலேயே இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். சி.ஓ.எஸ் கட்டணத்தையோ, முதலாளி கட்டும் திறன் வரியையோ தொழிலாளியின் தலையில் கட்ட விதி இடம் தருவதில்லை. "கம்பனி உங்களுக்காகக் கட்டினது, சம்பளத்தில் கழிப்போம்" என்பது விதிமீறல். தாலிக்கொடியை அடகு வைத்து இதற்குக் காசு கட்டும் குடும்பங்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

சி.ஓ.எஸ் கிடைத்த நாளிலிருந்து விண்ணப்பிக்க மூன்று மாதம் இருக்கிறது. பலர் தடுக்கி விழுவது காசநோய்ப் பரிசோதனையில். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்கு இலங்கையில் வசிப்பவர்கள் அந்தச் சான்றிதழைக் கொடுத்தே ஆகவேண்டும். கொழும்பில் ஐ.ஓ.எம் (சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில் செய்யலாம். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். பழைய தழும்பு ஒன்று தெரிந்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவுக்கு எட்டு வாரம் வரை போகும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும் என்பதால், வேலை உறுதியானவுடனேயே இதைத் தொடங்கிவிடுங்கள்.

2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு ஆங்கிலம் பி-2 மட்டம் (இடைநிலைக்கு மேல்) வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ் பரீட்சை என்றால், பிரித்தானிய விசாவுக்கென்றே உள்ள 'யூ.கே.வி.ஐ' வகையில் நான்கு பகுதியிலும் தனித்தனியாக 5.5. மூன்றில் 7 எடுத்து எழுத்தில் 5 எடுத்தால் சரிவராது.

முதலாளி உங்கள் ஆரம்பச் செலவைப் பொறுப்பேற்காவிட்டால், வங்கிக் கணக்கில் 1,270 பவுணுக்குச் சமமான தொகை தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்புத்தான். வங்கிக் கூற்றின் கடைசித் திகதி விண்ணப்பத்துக்கு முந்திய 31 நாளுக்குள் வரவேண்டும்.

பெயர்தான் நம்மவர்களுக்குப் பெரிய தலையிடி. பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பன் பெயர் இன்னொரு கட்டத்தில். கடவுச்சீட்டில் இரண்டும் சேர்ந்து வரும். யாழினி என்ற பெயரில் உள்ள 'ழ'வைக் கடவுச்சீட்டில் இசட்-எச் என்று எழுதியிருக்க, மொழிபெயர்ப்பாளர் எல் என்று எழுதிவிடுவார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் அவருடைய பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விவரம் எல்லாம் இருக்கவேண்டும்.

சுகாதாரம், கல்வி சார்ந்த வேலை என்றால் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். கடந்த பத்து ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ கட்டாரிலோ சவூதியிலோ இருந்திருந்தால் அந்த நாட்டினதும் வேண்டும். இங்கிருந்துகொண்டு அதை எடுக்க நாள் பிடிக்கும்.

விசா வந்த பிறகும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய மறக்காதீர்கள். முகவர் மூலம் போகிறவர்கள், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கே அவருக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள்.

போனவர்களுக்கும் ஒன்று. பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். இரண்டையும் வைத்திருக்க விரும்பினால், அங்கே குடியுரிமை எடுப்பதற்கு முன்பே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை, பழைய கடவுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பிரித்தானியாவைவிட்டு வெளியே நின்ற நாட்களை எண்ணிக் காட்ட அந்த முத்திரைகள் தேவைப்படும்.