சம்பளமில்லாத நயாகரா வழிகாட்டி

ஊர் சுற்றிப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் பைத்தியம் எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். பிரிட்ஜ் கதவில் பான்ஃப் மலைப் படமும், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிவப்பு மண் கடற்கரைப் படமும் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டும் இன்றுவரை படமாகவே இருக்கின்றன. கனடாவின் ஸ்காபரோவில் குடியிருப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாரிசிலிருந்து மச்சாள் வந்தாலும் சரி, லண்டனிலிருந்து சித்தப்பா வந்தாலும் சரி, முதல் சனிக்கிழமை நயாகரா. என் லீவு எல்லாம் அந்தத் தண்ணீரோடு போகிறது. பர்லிங்டன் பாலம் ஏறும்போது வான் வண்டியில் யாருக்குத் தலை சுற்றும் என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இந்தமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என் கணவரின் பெரியப்பாவும் பெரியம்மாவும். மாமா ஓய்வுபெற்ற புவியியல் வாத்தியார். கனடாவைப் பார்க்க வந்தவர் போல இல்லை, விடைத்தாள் போலத் திருத்த வந்தவர் போல இருந்தார். மாமிக்குப் புரட்டாசிச் சனி. காலையில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்த பிறகுதான் வானில் ஏறினார். அதனால் வானுக்குள் முழுச் சைவம். மட்டன் ரோல்ஸ் இல்லாத நயாகராவா என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

வானை நிறுத்திவிட்டுப் புல்தரையில் சாப்பாட்டைப் பிரித்தோம். மாமி கடதாசித் தட்டில் சோறும் பருப்பும் எள்ளும் பிசைந்து தள்ளி வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிடத் தொடங்கினார். காகத்துக்கு வைக்காமல் அவர் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. ஆனால் காகம் ஒன்றைக்கூடக் காணவில்லை. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் மெல்ல நகர்ந்து வேறு குடும்பத்தோடு நின்றுகொண்டார்கள்.

அப்போதுதான் வெள்ளைக் கடற்பறவை ஒன்று வந்து இறங்கியது. தலையைச் சரித்து மாமியைப் பார்த்தது, தட்டைப் பார்த்தது, ஒரே கொத்து. மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, இந்த நாட்டுக் காகம் வெள்ளையாத்தான் இருக்கும்" என்று முடிவு கட்டிக் கையைக் கழுவப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அது தன் சொந்தபந்தம் முழுவதையும் கூப்பிட்டுவிட்டது. மாமாவின் கையிலிருந்த வடை பறந்தது. சனீஸ்வரன் அன்றைக்கு நல்ல பசியில் இருந்திருக்கிறார்.

குதிரைலாட அருவி முன்னால் நின்று மாமா முதலில் கேட்டது உயரம். ஏறக்குறைய 57 மீற்றர் என்றேன். "அவ்வளவுதானோ? எங்கட இலங்கைப் பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர் பிள்ளை!" உயரத்தில் இல்லை மாமா, தண்ணீரில்தான் விஷயம், சுப்பீரியர், மிச்சிகன், ஹூரன், ஈரி என்று நான்கு பேரேரித் தண்ணீர் இந்த வழியாகத்தான் ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது என்று விளக்கினேன். "ம்" என்றார். அரை மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை.

மாமிக்கு ஏரிக் கணக்கில் அக்கறை இல்லை. 1901இல் அனி எட்சன் டெய்லர் என்ற விதவைப் பள்ளி ஆசிரியை, தன் 63ஆவது பிறந்தநாளன்று பீப்பாய்க்குள் இருந்தபடி இதே அருவியில் விழுந்து உயிரோடு வெளியே வந்த கதையைச் சொன்னேன்.

"பிறந்தநாளுக்குக் கோயிலுக்குப் போகாமல் ஏன் பிள்ளை பீப்பாக்குள்ள ஏறினவ?"

"பேரும் காசும் வருமெண்டுதான் மாமி."

மாமி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "வாத்திமார் எங்கயும் இப்பிடித்தான்."

படகில் கனடாப் பக்கத்தவர்களுக்குச் சிவப்பு மழையங்கி, அமெரிக்கப் பக்கத்தவர்களுக்கு நீலம். சேலைக்கு மேலே சிவப்பைப் போட்டுக்கொண்டு மாமி படகின் முன்னுக்குப் போய் நின்றுவிட்டார். சாரல் முகத்தில் அடிக்க அடிக்க "முருகா, முருகா" என்று ஒரே சிரிப்பு. மாமா கண்ணாடியைத் துடைப்பதிலேயே அருவியைத் தவறவிட்டார்.

இரவு வண்ண விளக்கு பார்க்க நின்றோம். 1950இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி, இந்தப் பருவத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு, அருவியில் பகலில் விடவேண்டிய தண்ணீரில் பாதியை விட்டால் போதும், மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பலாம் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"அப்ப இது நீர்வீழ்ச்சி இல்லைப் பிள்ளை, பைப்."

வான் திரும்பும்போது ஊரில் விடிந்திருந்தது. மாமா தம்பியாருக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார். "தம்பி, உயரத்தை வச்சு நீர்வீழ்ச்சியை மதிக்கப்படாது. நாலு பேரேரித் தண்ணியடா! இஞ்ச இருக்கிறதுகளுக்கு உதெல்லாம் விளங்காது, நான்தான் சொல்லிக் குடுத்தனான். நீயும் கெதியா விசாவுக்குப் போடு. மருமகள் கூட்டிக்கொண்டு போவாள்."