கோணமலையில் ஒரு வண்ணப் பெட்டி

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் பின்னேரம் போவதுதான் எனக்குப் பிடிக்கும். சூரியன் முதுகுப் பக்கம் போய்விட, இராவணன் வெட்டுப் பாறையின் நிழல் கடலில் நீண்டு விழும். நிழல் விழுந்த இடத்தில் தண்ணீர் கரும்பச்சை, அதைத் தாண்டினால் பளிச்சென்ற நீலம். அந்த இரண்டு நிறமும் சந்திக்கும் விளிம்பைக் கீறத்தான் மதிலோரம் குந்தி வாட்டர்கலர் பெட்டியைத் திறந்தேன். எனக்குப் படம் கீற வராது. ஆனாலும் கீறலாம் என்ற துணிவைத் தந்தவர் ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே.

அவருடைய ‘சித்தார்த்தன்’ நாவலைப் படித்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதை எழுதியவர் மடக்கு நாற்காலியும் வண்ணப் பெட்டியுமாக மலைச்சரிவுகளில் அலைந்தவர் என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை. 1911இல் அவர் இலங்கைக்கும் வந்தார். ஆனால் இந்தப் பக்கம் இல்லை, கண்டிக்கும் மலைநாட்டுக்கும். கூட வந்தவர் ஹான்ஸ் ஸ்டுர்செனெகர், ஓர் ஓவியர்! அப்படியொருவரோடு கப்பலேறி வந்தும், ஹெஸ்ஸே தூரிகையைக் கையில் பிடித்தது சில வருடம் கழித்துத்தான். 1916இல் தகப்பன் இறந்தார், மகனுக்குச் சுகமில்லை, மனைவிக்கு மனநோய். அந்த நேரத்தில் உளப்பகுப்பாய்வு என்ற மனச் சிகிச்சைக்குப் போனவர், அதன் தொடர்ச்சியாகவே படம் கீறத் தொடங்கினார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது.

1919இல் தெற்குச் சுவிட்சர்லாந்தின் மொந்தான்யோலா கிராமத்தில் குடியேறினார். அப்புறம் விடவேயில்லை. ஏறக்குறைய 3000 நீர்வண்ணப் படங்கள் என்கிறார்கள். சிவப்புக் கூரைகள், மரங்கள், ஏரி, மலை. ஆட்களைக் காண்பது அரிது. கவிதைகளைக் கையால் எழுதி, பக்கத்தில் குட்டிப் படம் கீறி விற்றிருக்கிறார். முதலில் போர்க்கைதிகளுக்கு உதவ, பிறகு தன் கைச்செலவுக்கும். நோபல் பரிசைவிட இதுதான் எனக்கு அவரை நெருக்கமாக்குகிறது.

நானும் ஆட்களை விட்டுவிட்டேன். நேர்த்திக்குத் தொட்டில் கட்டியவர்கள், செல்பி எடுத்தவர்கள், யாரும் படத்தில் இல்லை. கீறத் தெரியாததும் ஒரு காரணம்தான்.

பக்கத்தில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்ற பொடியன் எட்டிப் பார்த்தான்.

“அண்ணை, கடல் இப்பிடியே இருக்கு?”

“இல்லைத் தம்பி.”

“அப்ப ஏன் கீறுறீங்கள்?”

“கீறினால்தான் வடிவாப் பாக்கிறன்.”

அவனுக்கு அது போதவில்லை. பெட்டியைக் கேட்டு வாங்கி, பாறைக்கு ஊதா அடித்தான். சரி, அந்த நேரத்து வெளிச்சத்தில் பாறை ஊதாவாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. இறங்கி வரும்போது பிரெட்ரிக் கோட்டைக்குள் ஈரப் படத்தைக் காயவைக்க நினைக்காதீர்கள். அங்கே மேயும் மான்கள் கடதாசியையும் விடாது.