வீணையின் மேல் அடுக்கிய பாடநூல்கள்

முழுநேர வேலையோடு ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தொழில்தகைமைப் பரீட்சையை எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வேண்டும் என்பதைத்தான். இந்தப் பரீட்சைக்காக எதை விட்டுக்கொடுக்கமாட்டீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. என்னிடமும் இருக்கவில்லை, அதன் விளைவைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மொத்தம் 13 பாடங்கள். கீழ்நிலையின் ஒன்பதையும், உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து முடித்த சூட்டோடு, வகுப்பைத் தவிர வேறு வேலையில்லாத காலத்தில் முடித்துவிட்டேன். மேல்நிலையின் நான்கு பாடங்களுக்கு வரும்போது கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராக இருந்தேன். அந்த நான்கில் முதலாவதைச் சித்தியடைந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்குள் மற்றவற்றை முடிக்க வேண்டும். முப்பத்தாறு மாத வேலை அனுபவமும் காட்ட வேண்டும். ஏழு ஆண்டு என்ற இந்த விதியை ஆரம்பத்தில் நான் ஒரு மிரட்டலாகவே வாசித்தேன். அது எவ்வளவு தாராளமான கால அவகாசம் என்பது பின்னர்தான் புரிந்தது.

பரீட்சைகள் மார்ச், ஜூன், செப்டெம்பர், டிசெம்பர் ஆகிய மாதங்களின் தொடக்கத்தில் நடக்கும். இதை நம் நாட்டின் கணக்கு நாட்காட்டியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிகளின் ஆண்டு டிசெம்பர் 31இல் முடிவதால், அந்தக் கணக்காய்வில் இருப்பவருக்கு மார்ச் பரீட்சை நெருக்கடி. மற்றக் கம்பனிகளில் பெரும்பாலானவற்றின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது; அன்றைக்கே களனியிலோ பியகமவிலோ ஒரு களஞ்சியத்தில் நின்று சரக்கிருப்பு எண்ணத் தொடங்குபவர் ஜூன் வரை தலை நிமிர்வதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் ஐந்து மாதத்துக்குள், அதாவது ஆகஸ்ட் இறுதிக்குள், வெளிவர வேண்டும் என்பதால் செப்டெம்பரும் தப்புவதில்லை. வருமான வரி விவரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். அதற்கு அடுத்த வாரமே டிசெம்பர் பரீட்சை. ஆக, வேலை குறையும்போது எழுதலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த மாதம் வரப்போவதில்லை. எல்லா மாதத்திலும் எழுதிவிடலாம் என்று பாய்பவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

2022 ஜூனில், மேல்நிலையின் மூலோபாய வணிக அறிக்கையிடல் பாடத்தை முதல்தடவை எழுதினேன். 43 புள்ளிகள், சித்திக்கு 50 வேண்டும். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, ஜூனில் பெற்றோல் வரிசைகள் காலி வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. எனவே காரணம் சொல்வதற்கு எனக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஜூலை நடுப்பகுதியில் பெறுபேறு வந்த அன்றே செப்டெம்பருக்குப் பதிவு செய்தேன். இடையில் இருந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் வெள்ளவத்தை வீட்டிலிருந்து நூறாம் இலக்க பஸ்ஸில் குறிப்புகளை விரித்துக்கொண்டு போனேன். இரவு பத்து மணிக்கு வந்து, அம்மா தட்டால் மூடிவைத்த இடியப்பத்தை ஓரம் காய்ந்த பிறகு சாப்பிட்டேன். அந்த ஆண்டு ஆடிவேல் திருவிழாவையும் எட்டிப் பார்க்கவில்லை. செப்டெம்பரில் 48. இந்தமுறை மின்வெட்டைக் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பெறுபேறு வந்த கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "பிள்ளை, இந்த வீணையை ஆருக்கும் குடுப்பமே? சும்மா கிடந்து இடத்தை அடைக்குது."

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் நான்காம் தரம் வரை நான் வாசித்த வீணை அது. உறைபோட்டுச் சுவரோரம் கிடத்திய அதன் மேல் என் பாடநூல்களை அடுக்கியிருந்தேன். அவற்றை இறக்கிவைத்து உறையைக் கழற்றியபோது முதல் தந்தியான சாரணி அறுந்து சுருண்டு கிடந்தது. மற்ற உருக்குத் தந்திகளில் விரலை வைத்தால் செம்மண் போல் துரு ஒட்டியது. கடலோர மரைன் டிரைவுக்கு அருகே வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும்: பூட்டுத் துருப்பிடிக்கும், குளிரூட்டியின் பின்புறம் உதிரும். அன்றாடம் கை படுகிற தந்தியைத் துடைத்து வைப்போம், அது தாக்குப்பிடிக்கும். கை படாததைக் கடல் தின்றுவிடும். குடுக்க வேண்டாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

அதன் பிறகு செய்தவை இவை. டிசெம்பர் பரீட்சையை விட்டுவிட்டு மார்ச்சுக்குப் பதிவு செய்தேன். அப்போது என் கிளையன்டுகளுள் வங்கி எதுவும் இல்லாததால் ஜனவரியும் பெப்ரவரியும் ஓரளவு இலகுவாக இருந்தன. தந்தி மாற்றி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வீணை ரீச்சரின் வகுப்புக்கு மறுபடி போகத் தொடங்கினேன். நேரசூசியில் அந்த மணியை முதலில் எழுதிவிட்டு, மிச்சத்தில்தான் படிப்பை நிரப்பினேன். முன்பெல்லாம் இதை நேர்மாறாகச் செய்து, மிஞ்சும் நேரத்தில் மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். கணக்காய்வுத் தொழிலில் நேரம் மிஞ்சுவதில்லை.

படிப்பு வாரத்துக்குப் பத்து மணித்தியாலமாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பத்தும் விடியற்காலை ஐந்து மணிக்கும் ஞாயிறு காலைக்கும் உரிய, விழிப்பான மணித்தியாலங்கள். பஸ்ஸில் படிப்பதை அறவே நிறுத்தி, யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பழகியது இந்தச் சுற்றில்தான். 195 நிமிடத்தில் 100 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளிக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. முப்பது புள்ளிக் கேள்விக்கு ஒரு மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. என் இரண்டு தோல்விகளிலும் கடைசிக் கேள்வி பாதியில் நின்றிருந்தது. பாடம் தெரியாததை விட, களைத்த மூளை, தாய்க் கம்பனியையும் துணைக் கம்பனிகளையும் சேர்த்துத் தயாரிக்கும் கூட்டுக் கணக்கின் எண்களைத் தேவைக்கு மேல் நோண்டிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். அந்தப் பாடத்தில் புள்ளிகளின் பெரும்பகுதி விளக்கத்துக்குத்தான் கிடைக்கும் என்று தெரிந்தும், எண்களை விட்டு எழுத்துக்கு வரும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

2023 மார்ச்சில் 56.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது விளம்பரமாகிவிடும். வருடத்துக்கு ஒரு பாடம் என்று முடிவெடுத்ததால், என்னோடு சேர்ந்தவர் என்னைவிட ஓராண்டு முந்திப் பதவி உயர்வு பெற்றார். இன்னொரு தோழி முழுவதையும் முடித்து மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கல்யாண வீடுகளில், "இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்கும் சின்னம்மாமாருக்குச் சிரித்துச் சமாளிக்கும் கலை எனக்குக் கைவந்துவிட்டது. சில இரவுகளில் பொறாமை வந்ததுண்டு, இப்போதும் வருவதுண்டு. சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ரூபாயில் அளக்கப்படுவதால் அவற்றைச் சமப்படுத்திப் பார்க்க முடியும். சனிக்கிழமை வகுப்பையும் ஓராண்டுச் சம்பள வித்தியாசத்தையும் எந்த அலகில் அளப்பது என்று எனக்குத் தெரியாது. அதனால், இரண்டையும் சமப்படுத்தினேன் என்று சொல்ல வரவில்லை. ஒன்றைத் தாமதப்படுத்தினேன், மற்றதைக் காப்பாற்றினேன்.

வீட்டுக் கடனை அடைக்க வேண்டியவரும், தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறவரும் என்னைப் போல் தாமதிக்க முடியாது. அவர்கள் ஒரு சுற்றில் இரண்டு பாடம் எழுதத்தான் வேண்டியிருக்கும். அவர்களிடம் போய் வீணை வாசியுங்கள் என்று சொல்வது அழகல்ல. ஆனால் பரீட்சையில் தவறிய பிறகு அடுத்த சுற்றுக்கு அன்றே பதிவு செய்வதைத் தள்ளிப்போட அவர்களாலும் முடியும். விடைகளில் எங்கே சறுக்கினோம் என்று ஒரு கிழமை ஆறுதலாக யோசித்தபின் பணத்தைக் கட்டுங்கள். பரீட்சை லீவையும் மனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்காமல், மூன்று மாதம் முந்தியே மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டு, இல்லையென்ற பதிலை வாங்கியவள் நான்.

எனக்கு இன்னும் உயர்நிலைக் கணக்காய்வு என்ற ஒரு பாடம் மட்டும் மிச்சமிருக்கிறது. என் ஏழு ஆண்டுக் கணக்கு 2030 மார்ச் வரை ஓடுகிறது. இப்போது என்னை வங்கிக் குழுவுக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே வரும் மார்ச்சில் எழுதப்போவதில்லை. ஜூனுக்கு முந்திய மாதங்களில் ரீச்சரின் மாணவர்களுக்கு ஓர் அரங்கேற்றம் இருக்கிறது, அதில் ஒரு கீர்த்தனையை நானும் வாசிக்கிறேன். செப்டெம்பருக்குப் பதிவு செய்வதாக இருக்கிறேன்.