நான்காம் முறையில் அடங்கிய நீர்க்கறை

மேற்கூரையில் மூன்று முறை வெள்ளை எமல்ஷன் அடித்தும் மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே வடிவில், மஞ்சளாக எழுந்து நின்ற நீர்க்கறை, நான்காம் முறை அடங்கிவிட்டது. அரக்கு ப்ரைமர் (எரிசாராயத்தில் அரக்கைக் கரைத்த அடிப்பூச்சு) இரண்டு கை அடித்து, அதன்மேல் எமல்ஷன் ஒரு கை கொடுத்து இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது நாற்காலியில் ஏறி நின்று பார்த்தேன். கறையின் நிழல்கூடத் தெரியவில்லை.

மேல்மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் இணைப்பில் இருந்த கசிவை முன்பே நிறுத்திவிட்டேன். அதன்பின் மேற்கூரையின் ஜிப்சம் பலகை முழுமையாகக் காயும்வரை 5 வாரம் காத்திருந்தேன். ஊசி முனை கொண்ட ஈரமானிகள் பெரும்பாலும் மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டவை என்பதால், ஜிப்சம் பலகையில் அவை காட்டும் எண்ணை உண்மையான ஈர விழுக்காடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கறையே படாத ஒரு மூலையிலும் கறையின் நடுவிலும் அளந்து, இரண்டும் ஒத்துவரும்வரை பொறுத்திருப்பதே சரியான வழி. கட்டைவிரலால் அழுத்தும்போது பலகை அமுங்கினாலோ தொய்ந்திருந்தாலோ பெயிண்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்க வேண்டும்.

என்னை வாட்டியது கறையின் நடுப்பகுதி அன்று, அதன் விளிம்பில் இருந்த பழுப்பு வளையம்தான். சிந்திய காப்பித் துளி காயும்போது ஓரம் மட்டும் கருத்துப்போவதற்கான காரணத்தை 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது: துளியின் ஓரத்தில் நீர் விரைந்து ஆவியாவதால், அதை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, தன்னில் கரைந்ததையும் மிதப்பதையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. மேற்கூரையிலும் ஈரம் பரவிக் காயும் எல்லையில் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. ஜிப்சம் பலகையை மூடியிருக்கும் காகிதத்தின் சாயம், தூசி, துரு ஆகியவை அங்கே குவிகின்றன. கசிவு திரும்பத் திரும்ப நேர்ந்திருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்கள் உண்டாகின்றன.

இதைப் புரிந்துகொண்டபின், எமல்ஷன் ஏன் தோற்றது என்பதும் விளங்கியது. எமல்ஷனில் இருக்கும் நீரே கறையை மீண்டும் கரைக்கிறது. பெயிண்ட் காயக் காய அந்த நீர் மேற்பரப்புக்கு வரும்போது கறையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஈரமாக இருக்கும்வரை வெள்ளையாகத் தோன்றியது விடிந்ததும் மஞ்சளானதற்கு அதுவே காரணம். இடையில் ஒருமுறை வெளுப்புநீர் தடவியும் பார்த்தேன். பூஞ்சையும் நிறமும் சற்று மங்கின, ஆனால் கரையக்கூடியவை உள்ளேயே இருந்ததால் வளையம் திரும்பவும் வந்தது. வெளுப்புநீரை அம்மோனியாவுடனோ அமிலத்துடனோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு எழும்.

அரக்கு எரிசாராயத்தில் கரையும், நீரில் கரையாது; ஆகவே அது கறைக்கும் எமல்ஷனில் உள்ள நீருக்கும் நடுவே சுவராக நிற்கிறது. உரிந்த பெயிண்டின் ஓரங்களை 180ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் சமப்படுத்தினேன். காகிதம் வெளியே தெரிந்த இடங்களைத் தேய்க்கவில்லை, தேய்த்தால் அது நார் நாராக எழும். வெளி வளையத்துக்கு அப்பாலும் ஒரு சாண் அகலம் விட்டு ப்ரைமரை அடித்தேன். முதல் மூன்று முறையும் கறை கண்ணுக்குத் தெரிந்த அளவோடு நிறுத்தியது என் பெரிய தவறு. வளையத்துக்கு வெளியிலும் கண்ணுக்குப் புலப்படாத கறை இருந்திருக்கிறது.

இதில் கைப்பழக்கம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரக்கு ப்ரைமர் தண்ணீர்போல் ஓடும், சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். எமல்ஷனைப்போல் திரும்பத் திரும்பப் பிரஷை இழுத்தால் பாதி இறுகிய படலம் கிழிந்து திட்டுத்திட்டாகிவிடும். பிரஷின் நுனியை மட்டும் நனைத்து, ஒரே திசையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, அந்த இடத்துக்குத் திரும்பவே கூடாது. விடுபட்ட இடங்களை ஒரு மணி நேரம் கழித்து இரண்டாம் கையில் பார்த்துக்கொள்ளலாம். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்த பிறகே டப்பாவைத் திறந்தேன்.

வாங்கும்போது டப்பாவின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். எரிசாராயத்தில் கரைத்த அரக்கு நாட்பட்டால் சரியாக இறுகாமல் பிசுபிசுத்தே இருக்கும். ஆகவே பெரிய டப்பா மலிவாகக் கிடைத்தாலும் சிறியதையே வாங்குவது நல்லது. இன்னொன்று, காரப் பொருள்கள் அரக்கைக் கரைத்துவிடும். புதிய சிமெண்ட் அல்லது சுண்ணாம்புப் பூச்சு உள்ள மேற்கூரைக்கு இது ஏற்றதன்று. அங்கே காரத்தைத் தாங்கும் வேறு ப்ரைமரைத் தேட வேண்டும். அத்தகைய பரப்பில் உப்புப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். நீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே இறங்கும்.

கறை மறைந்தாலும், ப்ரைமர் அடித்த பகுதியின் பளபளப்பு மற்ற இடத்திலிருந்து சிறிது மாறுபட்டுத் தெரிகிறது. எனவே வரும் வாரம் மேற்கூரை முழுவதும் பளபளப்பில்லாத எமல்ஷனை, ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையைத் தொட்டுவிடும் வேகத்தில், ரோலரால் ஒரே மூச்சில் அடிக்கவிருக்கிறேன். டப்பாவில் கால் பங்கு ப்ரைமர் மீந்திருக்கிறது. மாடிப்படியின் பைன் மரப் பலகையில் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து, மேலே அடித்த பெயிண்டைப் பழுப்பாக்கியிருக்கிறது. அரக்கு நாட்படுவதற்குள் அந்தக் கணுக்களை அடைக்க வேண்டும். அங்கே தேய்க்கும் வேலையை நேற்றே தொடங்கிவிட்டேன்.