கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் முன் ஃபில் பிளக்கை அசைத்துப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே தாராளமாக மாற்றலாம். கழற்ற வேண்டியது இரண்டே பிளக்: ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில் பிளக், ஆயில் வடிக்கும் துளையை மூடும் டிரெயின் பிளக். இன்ஜின் ஆயில் மாற்றிப் பழகியவருக்குக் கை வேலையில் புதிதாகக் கற்க அதிகமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் கோட்டைவிட்டால் கியர்பாக்ஸே போய்விடும். எந்த ஆயில் ஊற்றுகிறோம் என்பது ஒன்று. எந்த மட்டம் வரை ஊற்றுகிறோம் என்பது இன்னொன்று.

ஆயிலைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். கியர்பாக்ஸுக்குள் ஆயிலுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வேலைகள். கியர் பற்களுக்கும் பெயரிங்குகளுக்கும் நடுவே உராய்வு கூடாது. சிங்க்ரோ வளையத்துக்கோ உராய்வு இருந்தே தீர வேண்டும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது, அந்த வளையம் கியரின் கூம்பு முகத்தில் அழுந்தி உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வளையத்தின் உட்புறம் இருக்கும் நுண்ணிய வரிகள், நடுவிலுள்ள ஆயில் படலத்தை வெட்டி வெளியே தள்ளினால்தான் அந்தப் பிடிப்பு கிடைக்கும். ஆயில் தேவைக்கு மேல் வழுக்கினால் வளையம் பிடிக்காது. வேகம் சேருவதற்குள் கியரைப் பூட்டும் ஸ்லீவை உள்ளே திணிக்கிறோம், 'கரக்' என்று பல் உரசுகிறது.

கியர் ஆயிலின் வகைகளான ஜிஎல்-4, ஜிஎல்-5 பற்றிய பேச்சு வருவது இதனால்தான். ஜிஎல்-5 ஆயில், சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு கியர்களுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடுமையாக வழுக்குவதால், கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த அதியழுத்தச் சேர்மங்கள் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இருமடங்கு இருக்கும். வீரியமுள்ள கந்தகம் பித்தளை சிங்க்ரோவை மெல்ல அரிக்கும். இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்களில் அந்த அரிப்பு குறைந்திருக்கலாம், வழுக்கல் மட்டும் குறையவில்லை. 'எண் பெரியதாக இருக்கிறதே, தரம் கூடியிருக்கும்' என்று நினைத்து வாங்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4-இன் மேம்பட்ட வடிவம் கிடையாது, வேறு வேலைக்கான ஆயில்.

அதற்காக எல்லா கியர்பாக்ஸுக்கும் ஜிஎல்-4 என்றும் சொல்லிவிட முடியாது. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் கையேடு 75டபிள்யூ-90 பாகுத்தன்மையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையுமே அனுமதிக்கிறது (தேர்வு கையில் இருக்கும்போது ஜிஎல்-4 எடுப்பதே என் கட்சி). ட்ரெமெக் டி-56 கியர்பாக்ஸ் கேட்பது கியர் ஆயிலே இல்லை, டெக்ஸ்ரான் 3 வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவம். ஹோண்டா தன் கியர்பாக்ஸ்களுக்கென்று தனி எம்டிஎஃப் (மேனுவல் டிரான்ஸ்மிஷன் திரவம்) விற்கிறது. போர்ஷே 911 போல கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் ஒரே ஆயிலில் ஓடும் வண்டிகளில், ஹைப்பாய்டு கியரையும் சிங்க்ரோவையும் ஒருசேரக் காக்கும்படி தயாரித்த ஆயில்தான் வேண்டும். கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை.

பாகுத்தன்மை எண்ணைப் பார்த்தும் பலர் மிரள்கிறார்கள். '90' என்பது கியர் ஆயிலுக்கான தனி அளவுகோல். 75டபிள்யூ-90 ஆயில் சூடான நிலையில் கிட்டத்தட்ட 40 கிரேடு இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டியாக இருக்கும். கெட்டியான ஆயில் கியர்பாக்ஸை இன்னும் நன்றாகக் காக்கும் என்று மேல் கிரேடுக்குப் போனால், குளிரில் சிங்க்ரோ அந்தப் படலத்தை வெட்ட முடியாமல் திணறும். காலையில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

எவ்வளவு வாங்குவது? ஹோண்டா எஸ்2000-க்கு ஏறக்குறைய 1.5 லிட்டர். பழைய எம்எக்ஸ்-5-இன் ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர். முதல் தலைமுறை டொயோட்டா 86-க்கு 2.2 லிட்டர். அமெரிக்க அளவில் வரும் குவார்ட் பாட்டிலில் இருப்பது 946 மில்லிதான். இரண்டு பாட்டில் சேர்ந்தாலும் 1.89 லிட்டர், 2 லிட்டர் கேட்கும் கியர்பாக்ஸுக்கு அது போதாது. மூன்றாகவே வாங்கிவிடுங்கள். கூடவே இரண்டு பிளக்குக்கும் புது வாஷர். அலுமினியமோ செம்போ, ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுபடி ஒழுங்காக அடைக்காது. கூம்பு மரை கொண்ட பிளக்காக இருந்தால் வாஷர் கிடையாது, மரையில் சீலண்ட் தடவ வேண்டும்.

வேலை தொடங்கும் முன் வண்டியை ஒரு கால் மணி நேரம் ஓட்டுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து இன்ஜினை மட்டும் ஓடவிடுவதால் கியர்பாக்ஸ் ஆயில் பெரிதாகச் சூடாகாது, கியர் மாற்றி ஓட்டினால்தான் சூடேறும். சூடான ஆயில் வேகமாக வடிவதோடு, அடியில் படிந்த உலோகத்தூளையும் இழுத்துக்கொண்டு வரும். எக்ஸாஸ்ட் குழாய் கியர்பாக்ஸை ஒட்டியே போகும், அது ஆறும்வரை காத்திருங்கள்.

பிறகு வண்டியைத் தூக்க வேண்டும். தாழ்வான காரில் ஜாக்கி உள்ளே நுழையாது. முன் சக்கரங்களைத் தடித்த பலகைமேல் ஏற்றி நிறுத்தினால் இடம் கிடைக்கும். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் வையுங்கள், கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டில் ஒருபோதும் வேண்டாம். நான்கு மூலையிலும் ஜாக் ஸ்டாண்ட் வைத்து, ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஊற்றினால் ஆயில் பின்னால் சாய்ந்து நிற்கும். ஃபில் துளை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு கூடும் அல்லது குறையும். அடியில் படுக்கும் முன் வண்டியைப் பிடித்து நன்றாக ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். அப்போது அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி நிறுத்துங்கள்.

இப்போது பிளக். முதலில் ஃபில் பிளக்கைத்தான் கழற்ற வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆயிலை வடித்துவிட்ட பிறகு ஃபில் பிளக் அசையாமல் போனால், வண்டி அந்த இடத்தை விட்டு நகராது. வருடக்கணக்கில் தொடாத எஃகு பிளக் அலுமினியக் கூட்டில் இறுகிப்போயிருப்பது சாதாரணம். ஆறு முனை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை சாக்கெட் பிளக்கின் மூலையை உருட்டிவிடும். உட்குழி உள்ள பிளக்கென்றால் குழிக்குள் இருக்கும் மண்ணையும் பழைய கிரீஸையும் சுரண்டி எடுத்து, கருவி அடிவரை உட்காருகிறதா என்று பார்த்த பிறகே திருப்புங்கள். ஹோண்டா கியர்பாக்ஸ் பலவற்றில் டிரெயின் பிளக்கில் 3/8 அங்குலச் சதுரக் குழிதான் இருக்கும், ராட்செட்டின் முனையே நேராகப் பொருந்தும். அசையாத பிளக்குக்குத் துருநீக்கி ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். மறுநாள் பிளக்கின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, நீளமான கைப்பிடி போட்டு ஒரே சீரான விசையில் இழுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலையை விட்டுவிடலாம். பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது, வண்டி ஓடும்.

கழற்றுவது ஃபில் பிளக்தானா என்பதைப் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் பக்கவாட்டில் ரிவர்ஸ் விளக்கு சுவிட்ச் இருக்கும், அதன் பக்கத்தில் சின்னச் சின்ன போல்ட்கள் இருக்கும். அவற்றில் சில, கியர் கம்பியை நிலைநிறுத்தும் ஸ்பிரிங்கையும் குண்டையும் அடைத்து வைத்திருப்பவை. தெரியாமல் கழற்றினால் ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்துவிடும்.

ஃபில் பிளக் கழன்றதும் டிரெயின் பிளக். கடைசி மரைகளில் பிளக்கை உள்நோக்கி அழுத்தியபடியே திருப்பி, சட்டென்று விலக்கினால் கையில் ஆயில் கொட்டாது. கையுறை கட்டாயம். பழைய கியர் ஆயிலின் கந்தக நாற்றம் சோப்புக்கு அடங்காது, துணியில் பட்டால் அந்தத் துணியை மறந்துவிடலாம். சொட்டு நிற்கும்வரை, குறைந்தது அரை மணி நேரம் வடியட்டும்.

வடிந்ததை அளக்காமல் விடாதீர்கள். 2.2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.6 லிட்டர்தான் வந்தது என்றால், போன முறை குறைத்து ஊற்றியிருக்கிறார்கள் அல்லது எங்கோ சீல் கசிகிறது. பின்பக்க ஷாஃப்ட் சீல் கசிந்தால் கூட்டின் வால்பகுதி நனைந்திருக்கும். முன்பக்க இன்புட் ஷாஃப்ட் சீல் கசிந்தால் ஆயில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இறங்கும், அது கிளட்ச் பிளேட்டை நாசமாக்கும் கசிவு.

டிரெயின் பிளக்கின் காந்தத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் கருஞ்சாம்பல் பசையை விரலால் தேய்க்கும்போது கண்மை போல வழவழவென்று இருந்தால் நல்லது, சாதாரணத் தேய்மானம். நெருடினால், ஊசி போன்ற துணுக்குகள் தட்டுப்பட்டால், பெயரிங்கோ பல்லின் ஓரமோ உதிரத் தொடங்கியிருக்கிறது. பல் துண்டே கிடந்தால் ஆயில் ஊற்றி ஓட்டாதீர்கள், பெட்டியைப் பிரிக்க வேண்டும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. அதைப் பார்க்க, வடித்த ஆயிலைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்னிறமாக மெல்ல மினுங்கினால் சிங்க்ரோ தேய்கிறது. கொஞ்சம் மினுமினுப்பு எல்லா கியர்பாக்ஸிலும் இருக்கும், கண்ணால் எண்ணக்கூடிய செதில்களாக இருந்தால்தான் கவலை. ஆயில் பால் கலந்தது போலிருந்தால் பிரீதர் எனும் காற்றுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி வெள்ளத்தில் நின்றதுண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

காந்தத்தைத் துடைத்து, புது வாஷரோடு டிரெயின் பிளக்கைக் கையாலேயே முடிந்தவரை ஏற்றுங்கள். இறுக்கும் விசை பல கியர்பாக்ஸ்களில் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கான எண்ணைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குங்கள். அலுமினியக் கூட்டில் மரை போனால் அதைச் சரிசெய்ய ஆகும் பாடு, ஆயில் மாற்றும் பாட்டைவிடப் பலமடங்கு.

ஊற்றுவதற்குக் கைப்பம்பு போதும். பாட்டிலை வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் ஆயில் இளகி பம்பு சுலபமாக இழுக்கும். இன்ஜின் பகுதியிலிருந்து கியர்பாக்ஸ் வரை வழி இருக்கும் வண்டியில் இன்னும் எளிது: நீளமான குழாயின் ஒரு முனையை ஃபில் துளையில் செருகி, மறுமுனையில் புனல் வைத்து மேலிருந்தே ஊற்றலாம். கடைசி 200 மில்லியை அவசரப்படாமல் விடுங்கள். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஃபில் துளையின் கீழ் விளிம்புதான் சரியான மட்டம். ஆயில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, வழிவது நூலாக மெலிந்து சொட்டாக மாறியதும் பிளக்கைப் போடுங்கள். சில கியர்பாக்ஸ்களில் துளை மட்டம் பொருந்தாது, அளந்துதான் ஊற்ற வேண்டும். கையேடு அதைச் சொல்லும். குறைந்தால் மேல் ஷாஃப்ட்டின் பெயரிங்குகள் காயும். கூடினால் ஆயில் நுரைத்து, பிரீதர் வழியே கக்கி, சீல்களை அழுத்தும்.

பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கியர் லீவரின் அடிப்பகுதி உட்காரும் குழியில் தனியாக 90 மில்லி அளவு ஆயில் இருக்கும், கீழே வடித்தாலும் அது வடியாது. லீவரைக் கழற்றி, பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துப் புதியதை விடுங்கள். கிழிந்த ரப்பர் பூட்டையும் அப்போதே மாற்றிவிட்டால், உள்ளே வரும் சூடும் லீவரின் தளர்வும் ஒருசேரக் குறையும்.

வண்டியை இறக்கியதும் இன்ஜினை எழுப்பாமல் எல்லா கியரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிளக் சுற்றிலும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் நிதானமாக ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காமல் விட்டால் சிந்திய ஆயில் எது, கசிந்த ஆயில் எது என்று தெரியாது. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது.

கையேட்டில் இடைவெளி எழுதியிருந்தால் அதன்படி போகலாம். 'ஆயுள் முழுவதற்கும் ஒரே ஆயில்' என்று எழுதியிருந்தால் நான் அதை ஏற்பதில்லை. கியர் பற்கள் அரைத்து அரைத்து ஆயிலின் கெட்டித்தன்மை குறைகிறது, உலோகத்தூளோ வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது. சாதாரண ஓட்டத்துக்கு 50,000 கிலோமீட்டர் நல்ல கணக்கு. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் வருடம் ஒருமுறையாவது மாற்றட்டும்.

புது ஆயிலுக்குப் பிறகும் கியர் உரசினால் உடனே சிங்க்ரோவைக் குறை சொல்ல வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இன்ஜினை எழுப்பி, கிளட்சை முழுக்க மிதித்து மூன்று விநாடி பொறுத்து மறுபடி ரிவர்ஸ் போடுங்கள். நின்ற இன்ஜினில் சுலபமாக விழுந்து, ஓடும் இன்ஜினில் உரசினால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அதன் ஹைட்ராலிக் திரவத்தில் காற்று இருக்கிறதா, கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா என்று அங்கே போய்ப் பாருங்கள். ரிவர்ஸ் சரியாக விழுந்து, இரண்டாவது கியர் மட்டும் சூடான பிறகும் வேகமாக இறக்கும்போது உரசினால், அந்த ஒரு சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. எந்த ஆயிலும் அதைத் திருப்பித் தராது.